மாதா கோயில் பதிவேடுகளில் நம் குடும்ப வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு என்றதும் இரயில் தண்டவாளமும் ரப்பர் தோட்டமும் கங்காணியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நம் கொள்ளுத்தாத்தா எந்த ஊரில், யாருக்குப் பிள்ளையாகப் பிறந்தார் என்று கேட்டால் பலரிடம் விடை இல்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. சொல்லத் தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இந்நிலையில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அரிய துணை உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஆலயங்கள் பெயரோடும் தேதியோடும் பதிந்து வந்துள்ளன. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தில் அப்பதிவுகளைத் தேடிப் படிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டில் தொடங்குவோம்

முதல் ஆவணக் காப்பகம் வீட்டு அலமாரிதான். பழைய ஞானஸ்நானச் சான்றிதழ், செபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிய தேதிகள், நினைவு அட்டைகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். செராஸ் போன்ற கல்லறைத் தோட்டங்களில் உள்ள கற்களில் சொந்த ஊரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கலாம், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களிடம் ஊரை மட்டும் கேட்காமல், “தாத்தா எந்தத் திருவிழாவைப் பற்றிப் பேசுவார்?” என்றும் கேளுங்கள். வேளாங்கண்ணியை எல்லாரும் சொல்வார்கள். பூண்டி மாதா என்றால் தஞ்சைப் பக்கமும், ஓரியூர் அருளானந்தர் என்றால் இராமநாதபுரப் பக்கமும், மடு மாதா என்றால் இலங்கையும் தேடத் தகுந்த இடங்களாகும்.

எந்தப் பங்கு?

இன்று நாம் பூசைக்குச் செல்லும் ஆலயத்திலேயே பழைய பதிவும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. புக்கிட் நானாசில் தூய யோவான் பங்கை அருட்தந்தை லெத்தெசியே 1883-இல் தொடங்கினார். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கான தூய அந்தோணியார் ஆலயம் புடு வட்டாரத்தில் 1910-இல் எழுந்தது. கிள்ளான் லூர்து அன்னை ஆலயத்தின் கட்டடம் 1928-ஐச் சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா அன்னை ஆலயத்தின் பெயரே ஒரு காலக்குறிப்பு: போர்த்துகல் நாட்டுப் பாத்திமாவில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1917. ஆகவே, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் 1912-இல் பிறந்த குழந்தையின் பதிவைப் புக்கிட் நானாசிலோ புடுவிலோதான் முதலில் தேட வேண்டும்.

மறைமாவட்ட எல்லையும் மாறியுள்ளது. 1888-இல் மீண்டும் நிறுவப்பட்ட மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயர் சிங்கப்பூரில் இருந்தார். கோலாலம்பூர் தனி மறைமாவட்டமானது 1955-இல்தான். அதன் முதல் ஆயர் டொமினிக் வெண்டர்கோன். எனவே 1955-க்கு முந்திய ஆலயக் கடிதங்களுக்குச் சிங்கப்பூரிலும் தேட வேண்டியிருக்கும்.

பெயரும் மொழியும்

1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடும்வரை பதிவேடுகள் பெரும்பாலும் இலத்தீனில் எழுதப்பட்டன. வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் ‘பெத்ருஸ்’ ஆக இருக்கலாம். சின்னப்பன் ‘பவுலுஸ்’, அருளப்பன் ‘யோவான்னெஸ்’, சூசை ‘யோசேப்’, யாகப்பன் ‘யாக்கோபுஸ்’, இன்னாசி ‘இக்னாசியுஸ்’, சவரிமுத்து ‘சவேரியுஸ்’, ஞானப்பிரகாசம் ‘அலோசியுஸ்’. இப்பட்டியல் கையில் இல்லாமல் ஏட்டைப் புரட்டுபவர், தம் பாட்டனாரின் பெயரைப் பார்த்தும் அறியாமல் கடந்துவிடுவார்.

‘பத்ரீனுஸ்’ ஞானத்தந்தை, ‘மத்ரீனா’ ஞானத்தாய். பல வேளைகளில் இவர்கள் உறவினரோ ஒரே ஊர்க்காரரோ ஆவர். மாதங்களிலும் கவனம் தேவை. 7 என்ற எண்ணோடு சுருக்கி எழுதப்பட்ட மாதம் செப்டம்பர். அதை ஜூலை என்று கொள்ளக் கூடாது. அவ்வாறே 8 அக்டோபரையும் 9 நவம்பரையும் 10 டிசம்பரையும் குறிக்கும்.

ஓரத்தில் உள்ள வரி

பதிவேட்டில் பலரும் கவனிக்காத இடம் பக்கத்தின் ஓரம். 1908-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அச்செய்தியை அனுப்ப வேண்டும்; அங்கு அவருடைய ஞானஸ்நானப் பதிவின் அருகே அதைக் குறிக்க வேண்டும். கிள்ளானில் மணமுடித்தவரைப் பற்றிய குறிப்பு தஞ்சைக் கிராமத்து ஏட்டின் ஓரத்திலும் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் தேடலாம்.

இல்லாத பதிவும் பேசும். ஞானஸ்நானமும் திருமணமும் இருந்து, அடக்கப் பதிவு மட்டும் இல்லாமல், 1946 வாக்கில் மனைவி ‘விதுவா’, அதாவது விதவை, என்று மறுமணம் செய்திருந்தால், அவர் கணவர் சயாம் மரண இரயில் பாதைக்குப் போனவரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரிக்க வேண்டும்.

கடல் கடந்த சான்றுகள்

புதுச்சேரியிலும் மலாயாவிலும் பணியாற்றியவர்கள் பாரீஸ் வேதபோதக சபையினர். அவர்களுடைய ஆண்டறிக்கைகளும் குருக்களின் வாழ்க்கைக் குறிப்புகளும் பிரெஞ்சு மொழியில் பாரீஸில் காக்கப்படுகின்றன; பல இணையத்திலும் கிடைக்கின்றன. மதுரை, திருச்சி பக்கத்துக்கு இயேசு சபையினரின் ஆவணங்களையும், யாழ்ப்பாணத்துக்கு அமலமரித் தியாகிகளின் ஆவணங்களையும் நாட வேண்டும்.

நம் நாட்டில் தேசிய ஆவணக் காப்பகத்தின் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் பயன்தரும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனிலும், 1935-இல் தொடங்கிய தமிழ் முரசிலும் மரண அறிவித்தல்களைத் தேடலாம்.

ஆய்வாளரின் கடமை

பங்குப் பதிவேடுகள் பொது நூலகப் புத்தகங்கள் ஆகா. பங்குப் பணிமனைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, உறவுமுறையையும் தோராயமான ஆண்டையும் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். தகப்பன் பெயரற்ற பிறப்பு, சாதிக் குறிப்பு போன்றவை கண்ணில் படலாம். பிறர் குடும்பச் செய்தியை வெளியில் பேசாதிருப்பது ஆய்வாளரின் கடமையாகும்.

முடிவுரை

இம்முயற்சி வெறும் பொழுதுபோக்காகாது. பிறப்புப் பத்திரம் இல்லாமலேயே தோட்டத்தில் வளர்ந்த ஒரு முதியவருக்கு, பெற்றோரின் பெயரையும் பிறந்த நாளையும் சொல்லும் ஒரே பழைய எழுத்து அந்த ஞானஸ்நான வரியாகவே இருக்கக்கூடும். அது பிறப்புப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆயினும் அவர் இன்னாரின் பிள்ளை என்பதற்குச் சான்று பகரும். ஏடுகள் இன்னும் சில காலம் காத்திருக்கலாம். ஏட்டில் உள்ள ‘பெத்ருஸ்’ யார் என்று சொல்லக்கூடிய பாட்டி காத்திருக்க மாட்டார். எனவே, வரும் விடுமுறையில் வீடு திரும்பும் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டுசெல்ல வேண்டும். முதல் பதிவை அவரிடமிருந்தே எழுதத் தொடங்குவோம்.