ஓயில் கூலர் குழாய்: முனையைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: ஐயா, சித்தப்பா விட்டுப்போன 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஓயில் கூலருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களும் வெடித்துக் கசிகின்றன. "உழவு மெசினுக்கு அடிக்கிற ஹைட்ரோலிக் ஹோஸைப் போடுவம், கல்லுமாதிரி நிக்கும்" என்கிறார் கராஜ் அண்ணை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் அக்கா, லண்டனில் எஃகு வலை போர்த்திய குழாய் வாங்கி வரலாம் என்கிறார். இன்னொருவர் கூலரையே கழற்றி எறியச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தம்பி, கராஜ் அண்ணையின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். 1990களில் பொருளாதாரத் தடைக்குள், நாலு சொட்டுப் பெற்றோலில் என்ஜினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய தலைமுறை அது. அவர்கள் கையில் வளர்ந்த ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜின் 1622 சிசி என்ஜினும் உங்களுடைய 1798 சிசி என்ஜினும் ஒரே 'பி' குடும்பம். தலை கழற்றுவது, வால்வு இடைவெளி வைப்பது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். ஆனால் கேம்பிரிட்ஜில் ஓயில் கூலர் கிடையாது. உங்கள் என்ஜினில் அவர் கை படாத இடம் இது ஒன்றுதான்.

ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்தம் தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஓடும்போது உங்கள் என்ஜினில் ஓயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல். ஒற்றைக் கம்பிவலை உள்ள அரை அங்குல ஹோஸ் 2000 இறாத்தலுக்கு மேல் தாங்கும். சிக்கல் வேறு இடத்தில். அந்த ஹோஸைச் சுமார் 7 அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. எம்.ஜி.பி.யின் மூக்குக்குள் அவ்வளவு இடம் இல்லை. கட்டாயப்படுத்தி வளைத்தால் அது நிமிரப் பார்க்கும். என்ஜின் தன் ரப்பர் தாங்கிகளில் ஆடும்போதெல்லாம் கூலரின் கழுத்தைப் பிடித்து இழுக்கும். அதோடு, சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸின் வெப்ப எல்லை பெரும்பாலும் 100 பாகை. நம்மூர் வெயிலில் காரை விரட்டினால் ஓயில் அதைத் தொட்டுவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம் முனை. உங்கள் கூலரில் இருப்பது அரை அங்குல பி.எஸ்.பி. மரை, வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீற்றர். உழவு மெசின் கடையில் அரை அங்குலம் என்று கேட்டால் வேறு மரைகளும் வரும். அங்கே கிடைக்கும் ஜே.ஐ.சி. முனைகளில் ஒரு அளவு 22.2 மில்லிமீற்றர். இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் அந்த நட் கூலரில் லேசாக ஏறும், இறுகியதுபோலவும் காட்டும். ஆனால் மரை நுனியில்தான் பிடித்திருக்கும். உள்ளே கூம்பின் கோணமும் வேறு: பி.எஸ்.பி.க்கு 60 பாகை, ஜே.ஐ.சி.க்கு 74. அப்படி மாட்டி, ரெஃப்லோன் நாடா சுற்றி, பண்ணைப் பாலம் வரை போய் நின்ற கார் ஒன்றை நான் இழுத்து வந்திருக்கிறேன். கூம்பில் அடைக்கும் முனைக்கு நாடா எதற்கு? கடைக்குப் போகும்போது பழைய குழாயையும் வேணியரையும் கையோடு கொண்டுபோங்கள். வெறும் ரப்பர்க் குழாயைச் செருகிக் கிளிப் போடலாம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

உள்விட்டமும் குறையக் கூடாது. இந்தக் காரில் பம்ப் தள்ளும் ஓயில் முழுவதும் கூலருக்குள் போய், ஃபில்டரைக் கடந்துதான் பெயரிங்குகளுக்கு வருகிறது. குழாயை ஒடுக்கினால் என்ஜினின் கழுத்தை நெரித்ததாகும். குழாய் வெடித்தால் சம்பில் உள்ள நாலு லீற்றர் சொச்சமும் கொஞ்ச நேரத்தில் தெருவில் கிடக்கும்.

ஆகவே என் கட்சி அக்கா கட்சி. இந்தக் காருக்கென்றே செய்த சோடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆண்டை மட்டும் சொன்னால் போதாது. ஃபில்டர் கீழே தொங்குகிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்று படம் எடுத்து அனுப்புங்கள். அதற்கேற்பக் குழாயின் வளைவு மாறும். ஒரு எச்சரிக்கை: எஃகு வலை அரம் மாதிரி. நம் சுண்ணாம்புக்கல் தூசி அதில் ஏறினால் பட்ட இடத்தையெல்லாம் அறுக்கும். ரேடியேற்றர் தகட்டின் ஓட்டைகளில் உள்ள ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போட்டு, மற்ற இடங்களில் குழாய்க்கு ரப்பர் உறை மாட்டுங்கள்.

கழற்றும்போது இரண்டு ஸ்பனர் வேண்டும். ஒன்று நட்டுக்கு, மற்றது கூலரின் கழுத்தில் உள்ள அறுகோணத்தைப் பிடித்துக்கொள்ள. ஒற்றை ஸ்பனரால் திருகினால் நட்டோடு கழுத்தும் சுழன்று கிழியும். அப்புறம் குழாய் தேடிய உங்களுக்குக் கூலர் தேடும் வேலையும் வரும்.

கூலரை எறியச் சொன்னவர் முழுப் பைத்தியமில்லை. 1964இல் ஐந்து பெயரிங் என்ஜின் வரும்வரை பல எம்.ஜி.பி.கள் கூலர் இல்லாமல்தான் ஓடின. பிளொக்கையும் ஃபில்டர் தலையையும் ஒரு குட்டைக் குழாய் நேரே இணைத்தது. சுன்னாகத்திலிருந்து பருத்தித்துறை போய்வர அது போதும். அக்கா வரும்வரை அப்படி ஓட்டுங்கள். ஏ9இல் ஏறிக் கொழும்புக்குப் போவதாக இருந்தால் கூலர் வேண்டும்.

மாட்டும் முன் கூலரிலும் குழாய்களிலும் ஓயில் நிரப்புங்கள். பிளக்குகளைக் கழற்றி, கேஜில் ஊசி எழும்பும்வரை ஸ்ராற்றரைச் சுற்றுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஸ்ராற் பண்ணலாம். அந்தக் கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய்க்கும் அதே வயதுதான், அதற்குள்ளும் அதே அழுத்தம்தான். அக்காவின் பட்டியலில் அதையும் சேர்த்துவிடுங்கள்.