சினைப்பை நீர்க்கட்டியும் வைட்டமின் டி-யும்

மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்ணிடம், "வைட்டமின் டி சாப்பிடு, நீர்க்கட்டி கரைந்துவிடும்" என்று சொல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. இதில் உண்மை எவ்வளவு என்பதை நம் குடும்பப் பெண்கள் தெரிந்துகொள்வது நல்லது.

நோய் என்ன?

பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்நிலையை 1935-ல் அமெரிக்க மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் இருவரும் விவரித்தனர். 'கட்டி' என்றதும் அஞ்ச வேண்டாம். அவை முழு வளர்ச்சி பெறாமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டிகள் ஆகிய மூன்றில் இரண்டாவது இருந்தால்தான் இந்த நோய் என்பது 2003-ல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட விதி. முகத்தில் ரோமம் வளர்வதும், பரு மிகுவதும் அந்த ஹார்மோன் மிகுதியின் அடையாளங்கள். பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இந்நோய் உள்ள பலருக்கு உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. அதனால் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

வைட்டமினுக்கு என்ன தொடர்பு?

வெயில் தோலில் படும்போது உடலே வைட்டமின் டி-யைத் தயாரிக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலால் பயனில்லை. அடுக்குமாடி வீடு, அலுவலகம் என்று நாளைக் கழிப்பவர்களுக்கும், பனியும் புகையும் சூழ்ந்த தில்லிக் குளிர்காலத்தில் இருப்பவர்களுக்கும் இது எளிதில் குறைகிறது. மாநிறத் தோலுக்கு வெயில் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். சாம்பார், தயிர், காய்கறி எல்லாம் நல்லவைதான். ஆனால் இந்த வைட்டமின் அவற்றில் மிகக் குறைவு.

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் பலரின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாகக் காணப்படுகிறது. உடல் பருமனும் இதற்கு ஒரு காரணம். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். கொழுப்பில் தங்கிவிடுவதால் இரத்தத்தில் அளவு குறைகிறது. எனவே குறைபாடுதான் நோயைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. குறைபாட்டைச் சரிசெய்வது எலும்புக்கும் தசைக்கும் நல்லது; ஆனால் அது நீர்க்கட்டிக்கு மருந்தாகாது.

எவ்வளவு சாப்பிடலாம்?

இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன தேவை நாளொன்றுக்கு 600 யூனிட். கடையில் விற்கும் 60,000 யூனிட் மாத்திரையோ பொடியோ பொதுவாக வாரம் ஒன்று வீதம், சில வாரங்களுக்கு மட்டும் டாக்டர்கள் எழுதித் தருவது. அதைத் தினசரி மாத்திரை என்று நினைத்துச் சாப்பிட்டால், உடலுக்குப் போவது அன்றாடத் தேவையைப் போல் 100 மடங்கு! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போவது என்று தொடங்கும், சிறுநீரகமே பழுதாகலாம். ஆகவே அக்காவுக்கு எழுதிய சீட்டைக் காட்டித் தங்கைக்கு மருந்து வாங்க வேண்டாம். சிறுநீரகக் கல் இருந்தவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

* தினமும் அரைமணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும். எடை கூடியிருந்தால், சிறிது குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்பு உண்டு.
* சோற்றைக் குறைத்து, பயறு, கீரை, காய்களைக் கூட்டலாம்.
* இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.
* மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நெடுநாள் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பின்னால் புற்றுநோய்க்கும் இடம் தரலாம்.

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிய வேண்டாம்" என்று மூடி வைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோர், சிலர் சிகிச்சையின் துணையோடு, குழந்தை பெறுகிறார்கள். மறைப்பதால் வீணாவது சிகிச்சைக்குரிய காலம்தான். மகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள். டாக்டரிடம் நீங்களே உடன் செல்லுங்கள்.