பெயர்ப் பட்டியலும் கணிப்பொறியும்

வருகைப் பதிவேட்டில் அகர வரிசை, தேர்ச்சிப் பட்டியலில் மதிப்பெண் வரிசை, உடற்பயிற்சி வகுப்பில் உயர வரிசை. மாணவியர் அதே நாற்பது பேர்தாம். நிற்கும் இடந்தான் மாறுகிறது. இவ்வேலையைக் கணிப்பொறி எவ்வாறு செய்கிறது என்பதைப் பைத்தான் மொழியைக் கொண்டு காண்போம்.

பைத்தான் ஒரு பொருள்நோக்கு நிரலாக்க மொழி. அதில் 'மாணவி' என்றோர் இனக்குழுவை அமைக்கலாம். இனக்குழு என்பது அச்சு. அந்த அச்சில் வார்த்தெடுக்கும் ஒவ்வொன்றும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளிலும் ஒருத்தியின் பெயர், மதிப்பெண், உயரம் ஆகியவை அடங்கியிருக்கும். (நம்மைப் 'பொருள்' என்பது யாருக்கும் பிடிக்காதுதான்! ஆயினும் பாடநூல் வழக்கு அதுவே.)

எண்களின் பட்டியலைக் கொடுத்தால் கணிப்பொறி நொடியில் வரிசைப்படுத்திவிடும். மாணவியரின் பட்டியலை அப்படியே கொடுத்தாலோ, பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். 35, 98 ஆகியவற்றுள் எது பெரிது என அது அறியும். இரு மாணவியருள் யார் முன், யார் பின் என்று அதற்கு எப்படித் தெரியும்? எதை வைத்து ஒப்பிடுவது என்பதை நாமே சொல்லவேண்டும். 'சார்ட்' என்னும் கட்டளையில் 'கீ' என்ற இடத்தில் மதிப்பெண்ணைக் குறிப்பிட்டால் போதும். 'ரிவர்ஸ்' என்றும் சேர்த்தால் பெரியது முதலில் வரும்.

இங்கே விழிப்புத் தேவை. மதிப்பெண்ணை எண்ணாகப் பதியாமல் எழுத்துச் சரமாகப் பதிந்திருந்தால், கணிப்பொறி முதல் இலக்கத்தைத்தான் முதலில் பார்க்கும். அப்போது 98, 35, 100 என்று வரிசை அமையும். நூற்றுக்கு நூறு பெற்றவள் கடைசியில் நிற்பாள்!

இருவர் 92 பெற்றிருந்தால்? பைத்தானின் வரிசையாக்கம் நிலையானது; அதாவது, சமமானவர்கள் முன்பு இருந்த ஒழுங்கு கலையாமல் அப்படியே இருப்பர். ஆகவே முதலில் பெயரால் வரிசைப்படுத்தி, பிறகு மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தினால், சம மதிப்பெண் பெற்றோர் பெயர் வரிசையிலேயே இருப்பர். முக்கியமான விதி பின்னால் வருவது விந்தையாகத் தோன்றும். இரண்டு முறை தாளில் செய்து பார்த்தால் புரிந்துவிடும். டிம் பீட்டர்ஸ் என்பவர் 2002-இல் பைத்தானுக்காக அமைத்த 'டிம்சார்ட்' முறையும் இந்நிலைத்தன்மை உடையதே. 2011-இல் ஜாவா மொழியும் பொருள்களை வரிசைப்படுத்த அதனை ஏற்றுக்கொண்டது.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். வரிசையில் ஒருத்தி கீழே இருப்பதால் மட்டும் அவளுடைய தரவரிசை குறைந்துவிடாது. 92 பெற்ற இருவருக்கும் ஒரே தரம் வழங்கத் தனியே நிரல் எழுதவேண்டும். வரிசையாக்கம் அதைச் செய்வதில்லை.

இனித் தமிழ்ப் பெயர்கள். 'கமலா' முன்னா, 'கனகா' முன்னா? நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். ஆதலால் கமலாவே முன். ஆனால் யூனிகோடு எழுத்து அட்டவணையில் நகரத்தை அடுத்தே னகரம் வைக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணை மட்டும் பார்க்கும் பைத்தான், கனகாவை முன்னே நிறுத்திவிடும். புள்ளியின் எண்ணும் பின்னால் இருப்பதால், 'மல்லிகா'வுக்கு முன் 'மலர்' வந்துவிடுவாள். இதற்கும் மருந்து அந்தக் 'கீ'தான். க முதல் ன வரை பதினெட்டு மெய்களுக்கும் நெடுங்கணக்கின்படி எண் கொடுத்து, புள்ளிக்கு உயிர்க்குறிகளுக்கும் முந்திய இடம் தந்து ஒரு சிறு சார்பு எழுதினால், வருகைப் பதிவேட்டில் கமலாவும் மல்லிகாவும் தத்தம் இடத்துக்கு வந்துவிடுவர்.