மெமரி கார்ட் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்

“எத்தனை கிலோ குறைக்கணும் அக்கா?” அறைக்குள் படம் எடுத்துக்கொள்ள என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு கிலோவும் வேண்டாம் என்பேன். நம்பாத ஒரு சிரிப்பு வரும்.

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் திகனயில் எனக்குச் சோறு போடுவது கல்யாண வேலை. ப்ரீ ஷூட் என்று வருகிற ஜோடிகளை விக்டோரியா நீர்த்தேக்கக் கரைக்கும் ரஜவெல்லப் பக்கத்துப் புல்வெளிகளுக்கும் கூட்டிக்கொண்டு அலைவேன். அதற்கு நடுவே, கேட்டு வருகிற பெண்களுக்கு மட்டும் இந்த இன்னொரு வேலை. வெளிநாடுகளில் பூடுவார் போட்டோ என்கிறார்கள். தன் அறையில், உள்ளாடையிலோ ஒற்றைச் சாரியைச் சுற்றிக்கொண்டோ, ஒரு பெண் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிற படம். இதற்கெல்லாம் போர்ட் போட்டு விளம்பரம் செய்கிற ஊரில்லை இது. ஒருத்தி சொல்லி இன்னொருத்தி வருகிறாள். 18 வயது நிறையாதவர்களை என்ன காரணம் சொன்னாலும் எடுப்பதில்லை.

கமராவுக்கு முன் விறைத்துப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடுப்புச் சதையைப் பற்றிய கவலை ஐந்து நிமிடத்தில் போய்விடும். இந்தப் படம் நாளைக்கு யார் போனில் போய் நிற்குமோ என்கிற கவலை மட்டும் போகாது. எங்கள் ஊருக்கு அது நன்றாகவே புரியும். 2018 மார்ச்சில் இங்கே கலவரம் நடந்தபோது ஒரு காணொளி எவ்வளவு வேகமாகக் கைமாறும் என்று கண்ணால் கண்டோம். அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியே வைத்தது. அதனால் பயப்படுகிற பெண்ணிடம் “கூச்சப்படாதே” என்று சொல்வதில் அர்த்தமில்லை. பயத்துக்கான காரணத்தை எடுத்துவிட வேண்டும். தயாராவது என்று நான் சொல்வதில் பாதிக்கு மேல் அதுதான்.

முதலில் யாருக்காக என்று தெளிவாகிக்கொள்ளுங்கள். டுபாயிலோ கட்டாரிலோ இருக்கிற கணவர் கேட்டார் என்று வருகிறவர்கள் உண்டு. அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால், ‘அவர் உட்பட யாருமே பார்க்கப்போவதில்லை என்றாலும் எனக்கு இந்தப் படம் வேண்டுமா?’ என்று ஒரு இரவு யோசித்துவிட்டு வரச் சொல்வேன். சிலர் திரும்ப வருவதில்லை. நல்லது.

அடுத்தது, எடுக்கிறவர். அவருடைய கல்யாண ஆல்பம் அழகாக இருப்பது போதாது. இந்த மாதிரி படங்களைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். உடனே போனை எடுத்து வேறு பெண்களின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினால், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நாளை உங்கள் படத்தையும் அப்படித்தான் காட்டுவார். காட்ட அனுமதி தந்தவர்களின் படம் இரண்டு மூன்றுதான் இருக்கிறது என்கிறவரை நம்பலாம். உதவியாளர் வருவாரா, ஆணா பெண்ணா என்பதையும் அப்போதே கேளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு தோழியையோ அக்காவையோ கூட்டி வரலாமா என்று கேட்டால், தயங்காமல் தலையாட்ட வேண்டும்.

பேசிக்கொண்டதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படம் யாருடையது, எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும், விளம்பரத்துக்குப் பயன்படுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எழுத்தில் இல்லாவிட்டால், எடுத்தவர் தனக்கே உரிமை என்று வாதாட இடமுண்டு. படத்தில் இருக்கிறவளுக்குத் தன் படத்தின்மேல் ஒரு பேச்சும் இல்லாமல் போவது இந்த நாட்டில் பழைய கதை. 1875இல் இலங்கைக்கு வந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் களுத்துறையில் நம் தோட்டத்துப் பெண்களை நிறுத்திப் படம் எடுத்தார். கமரனின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. ஆனால் அவர் படங்களில் இருக்கிற அந்தப் பெண்களில் பெரும்பாலானோரின் பெயர்கூடப் பதிவாகவில்லை. அதற்குப் பிறகு மேலாடையில்லாத பெண்களின் படத்தைத் தபால் அட்டையாக அச்சடித்து விற்ற காலமும் இங்கே இருந்தது. அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டார்கள்.

இனி கார்ட். புது மெமரி கார்ட் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள். படம் முடிந்ததும் அது உங்கள் கைப்பைக்குள் போகட்டும். இப்போதைய நல்ல கமராக்களில் இரண்டு கார்ட் போடும் இடம் உண்டு. இரண்டாவதில் நகல் தானாக விழும்படி வைக்க முடியும். தொடங்கும் முன் அந்த மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று நினைக்காதீர்கள். கோபித்துக்கொண்டால் விடை கிடைத்துவிட்டது. எடிட்டிங் தேவையென்றால் நான் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்து கொடுக்கிறேன். கார்டில் இருப்பதை அழித்தால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். அழித்த படத்தைச் சாதாரண மென்பொருளே மீட்டுவிடும்.

உங்கள் போனும் ஆபத்துத்தான். அம்மாவின் போனும் பிள்ளையின் டேப்பும் ஒரே கூகுள் கணக்கில் ஓடுகிற வீடுகள் எத்தனை! இங்கே படத்தை இறக்கினால் அங்கே மகன் கார்ட்டூன் பார்க்கிற திரையில் வந்து நிற்கும். தானாகப் பதிவேறுவதை நிறுத்திவிட்டுத்தான் போனில் ஏற்ற வேண்டும். எல்லாம் மீறிப் படத்தை வெளியே விடுவேன் என்று யாராவது மிரட்டினால், 2021 முதல் ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் உங்கள் கையை விட்டுப் போகாமலே அதன் எண்ம அடையாளத்தை மட்டும் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்ற தளங்களில் ஏறாமல் தடுக்கப் பார்க்கும். பெண்களுக்கான உதவி எண் 1938ஐயும் குறித்து வையுங்கள்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகுதான் உடம்பைப் பற்றிய பேச்சு. அது சின்னது. இறுக்கமான எலாஸ்டிக் தோலில் விட்ட தடம் போக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அன்று காலையிலிருந்து தளர்வான நைட்டியோடு இருங்கள், கைக்கடிகாரம் வேண்டாம். த்ரெடிங், வெக்ஸிங் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே முடியட்டும். புதுக் கிரீம் எதையும் அன்றைக்குப் பரிசோதிக்காதீர்கள். முழங்கையிலும் குதிக்காலிலும் ஒரு துளி தேங்காய் எண்ணெய் போதும், உடம்பெல்லாம் பூசினால் மினுங்கும். பட்டினியோடு வரவே வராதீர்கள். மயக்கம் போட்டு விழுந்தவளுக்குத் தண்ணீர் தெளித்த அனுபவம் எனக்கு உண்டு. இன்னொன்று: நம் சலூன்களில் மணப்பெண்ணை மூன்று நிறம் வெளுக்கப் பூசும் பழக்கம். முகம் ஒரு நிறம், மார்பும் வயிறும் வேறு நிறம் என்றால் இந்தப் படத்தில் தப்பவே முடியாது. உங்கள் நிறத்திலேயே வாருங்கள்.

வெளிநாட்டு லேஸ் உடுப்புத் தேடிக் கொழும்புக்கு ஓட வேண்டாம். கணவரின் வெள்ளைச் சட்டை, கைத்தறிச் சாரி, அம்மாவின் பழைய பட்டு எல்லாம் அழகாக விழும். ஜாக்கெட் போடாமல் சாரி கட்டிய ஆச்சிமார் தோட்டங்களில் இருந்தார்கள். நமக்குப் புதிதா என்ன? பின்னணிக்கு ஒரு தும்பறைப் பாய் கிடைத்தால் விடமாட்டேன். தாலிக்கொடி இருக்கட்டுமா, கழற்றட்டுமா என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்துகொண்டு வாருங்கள். அரைமணி நேரம் அதிலேயே போய்விடுகிறது.

இடம் உங்கள் வீடாக இருந்தால் நல்லது. பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பி, வேலைக்கு வருகிற அக்காவுக்கு அன்று லீவு கொடுத்துவிடுங்கள். விடுதி அறை எடுத்தால் புகை உணர்கருவி, கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் கமராவை வெளியே எடுப்பேன். யன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போடுங்கள், அறை பல்பை அணையுங்கள். மஞ்சள் வெளிச்சமும் பகல் வெளிச்சமும் கலந்தால் தோல் நோயாளித் தோல்போல ஆகிவிடும். கிழக்கே மலை மறைப்பதால் எங்கள் பக்கத்தில் வெயில் சற்றுப் பிந்தித்தான் விழும். எட்டரை, ஒன்பது மணி எனக்குப் பிடித்த நேரம். கறுத்த உடம்பில் பக்கவாட்டு வெளிச்சம் என்ன செய்யும் என்று பார்க்க ஆசையென்றால் நம் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1944இல் இறந்துபோனவர், இன்னும் அவரைத் தாண்டி யாரும் போகவில்லை என்பது என் கட்சி. அதே பக்க வெளிச்சம் பிரசவக் கோடுகளையும் தூக்கிக் காட்டும். அது வேண்டுமென்றால் அப்படி, வேண்டாமென்றால் யன்னலைப் பார்த்து உட்காருங்கள், மங்கிவிடும். சிசேரியன் தழும்பு தெரியத்தான் வேண்டும் என்று கேட்டு எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

முதல் பத்துப் பன்னிரண்டு படங்கள் போட்ட உடுப்போடுதான். அதன்பின் முதுகுப்பக்கம். முகம் கடைசியில். மூச்சை வெளியே விடும்போது கிளிக் செய்வேன். இழுத்துப் பிடித்த வயிறு கழுத்து நரம்பில் காட்டிக்கொடுத்துவிடும். நடுநடுவே திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ‘போதும்’ என்று சொன்னால் கமரா கீழே இறங்கும் என்பதைத் தொடங்கும் முன்பே ஒருமுறை சொல்லிப் பார்க்க வைப்பேன், விளையாட்டுக்காவது.

அச்சுப்பிரதி வேண்டுமென்றால் கடைக்குக் கொடுக்காதீர்கள். கெனன் செல்ஃபி போன்ற சின்னப் பிரிண்டரில் வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் அந்த மை ரிப்பனை விரித்துப் பார்த்தால் எடுத்த படம் முழுக்க நெகட்டிவாக அதில் பதிந்திருக்கும். முடிந்த ரிப்பனைக் குப்பையில் போடாமல் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள்.

கட்டணத்தையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து போனாலும் முழுக்காசு என்கிறவரிடம் நிம்மதியாக ‘போதும்’ சொல்ல முடியாது. அப்படி எழுந்துவிட்டால் நான் அன்றைக்கு வந்துபோன செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.