மல்டிமீட்டர்: மலிவு எங்கே போதும்?

கரமனையிலிருந்து பாப்பனங்கோடு பொறியியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஆர்டுயினோவோடு விளையாட மீட்டர் கேட்டால், சில நூறு ரூபாய் மஞ்சள் டிடி-830 தாராளம். 5 வோல்ட் சர்க்யூட், 9 வோல்ட் பேட்டரிக்கு அது போதும்.

அதையே 230 வோல்ட் ப்ளக் பாயிண்டில் செருகவிடாதீர்கள். மலிவு மீட்டரில் ‘கேட் III 600 வோல்ட்’ என்ற பாதுகாப்புத் தரத்தை அச்சடிக்க மை இருந்தால் போதும். 10 ஆம்பியர் துளையருகே ‘அன்ஃப்யூஸ்டு’ என்றிருந்தால் அந்த வழியில் ஃப்யூஸே கிடையாது. தரமான மீட்டரில் தடித்த பீங்கான் ஃப்யூஸ் இருக்கும். மலிவில் பெரும்பாலும் சின்னக் கண்ணாடிக் குழாய்தான். வீட்டு வயரிங்கைத் தொடுவதானால் கஞ்சத்தனம் வேண்டாம். பிரபல மீட்டர் நிறுவனமான ஃப்ளூக்கின் பெயர் பாதி விலையில் கிடைக்கிறதா? போலியாக இருக்கலாம், விலகுங்கள். சொந்தப் பெயரில் விற்கும் மலிவு மீட்டர் அதைவிட நேர்மையானது.

யூஎஸ்பி கருவிகளில் போலியால் வரும் தொல்லை வேறு மாதிரி. 2014-இல் யூஎஸ்பி சிப் நிறுவனமான எஃப்டிடிஐ-யின் புதிய விண்டோஸ் டிரைவர், அதன் பெயரில் வந்த போலி சிப்களின் அடையாள எண்ணையே அழித்து அவற்றை முடக்கியது. அகப்பட்டவர்களில் பலருக்குத் தங்களிடம் இருப்பது போலி என்பதே தெரியாது, பாவம்!

எந்த மீட்டர் வாங்கினாலும், கடையிலேயே அதை ஓம்ஸில் வைத்து இரு ப்ரோபையும் ஒட்டி, வயரை ஆட்டுங்கள். எண் தாவினால் வேறு கேளுங்கள்.