எண் மாறலாமா?

போன மாதம் நம்ம பள்ளி வினாடி வினா போட்டியில் கம்ப்யூட்டர் இரண்டு அணிக்கும் 7½ காட்டியது ஞாபகம் இருக்கா? கரும்பலகையில் சார் எழுதிய கணக்கில் 'அ' அணி 4½, 'ஆ' அணி 3. சார் மட்டும் எழுதி வைக்காவிட்டால் 'அ' அணியின் கோப்பை பங்கு போயிருக்கும். எல்லாரும் கம்ப்யூட்டரைத் திட்டினீர்கள். தப்பு புரோகிராம் எழுதிய என் மேல்தான்.

அரை மதிப்பெண் வருவதால் பைத்தானில் 'பின்னம்' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். உள்ளே தொகுதி, பகுதி என இரண்டு எண்கள். கூட்டினால் அதே பின்னம்தான் மாறும். தொடக்கத்தில் ஒரே ஒரு பூஜ்ஜியத்தை உருவாக்கி, இரண்டு அணிக்கும் அதையே கொடுத்தேன். இங்கேதான் மாட்டினேன்! பெயர் இரண்டு, பொருள் ஒன்று. ரெண்டு பேரும் ஒரே உண்டியலில் காசு போட்ட மாதிரி 4½ + 3 = 7½ ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, நான் 'பூஜ்ஜியம்' என்று பெயர் வைத்ததும் இப்போ 7½!

கணக்கு நோட்டில் 3 + 2 போட்டால் 5 வரும். அதற்காக அந்த 3 மாறிவிடுமா? அதனால் கூட்டல் தன்னை மாற்றாமல் புதுசா ஒரு பின்னத்தைத் தருகிற மாதிரி திருத்தினேன். அணியின் பெயரை அந்தப் புதிய பின்னத்துக்கு வைத்தால் போதும்.

சரி, வேறு யாராவது உள்ளே புகுந்து பகுதியை 0 ஆக்கினால்? பைத்தானிலேயே 2008 முதல் ஃபிராக்‌ஷன் என்ற கிளாஸ் இருக்கிறது (எனக்கு அப்புறம்தான் தெரியும்!). அதன் தொகுதியைப் படிக்கலாம். மாற்றப் போனால் பிழை காட்டும். ஆனால் அடிக்கோட்டில் தொடங்கும் உள்பெயரைப் பிடித்தால் மாற்றிவிடலாம். அடிக்கோடு பூட்டு இல்லை, "தொடாதே" என்ற போர்டு மட்டும்தான்.

ஜாவாவில் கொஞ்சம் கண்டிப்பு. இன்டீஜர் கிளாஸுக்கு 'ஃபைனல்' என்று போட்டிருப்பதால் அதிலிருந்து யாரும் துணை கிளாஸ் உருவாக்க முடியாது. ரொம்பப் பெரிய எண்களுக்கான பிக்இன்டீஜருக்கு 1997-இல் அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். ஒருவர் துணை கிளாஸ் எழுதி, சோதிக்கும்போது ஒரு மதிப்பும் அப்புறம் வேறு மதிப்பும் காட்டலாம். ரகசியக் குறியீட்டுச் சாவிகள் இந்த மாதிரி பெரிய எண்கள்தானே! பிறகு திருத்தலாம் என்றால் பழைய புரோகிராம்கள் உடைந்துவிடும். நம்பாத இடத்திலிருந்து வந்தால் அசல் பிக்இன்டீஜரா என்று பார்த்து, இல்லையென்றால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஜோஷுவா பிளாக், 2001-இல் வந்த 'எஃபெக்டிவ் ஜாவா' புத்தகத்தில்.

திருத்திய புரோகிராம் லேப்பில் இருக்கிறது. அடுத்த போட்டிக்கு முன்னால், முடிந்தால் என் பூஜ்ஜியத்தை மாற்றிப் பாருங்கள்!

– 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு