பாட்டுக்குரிய பரிசில்

பெங்களூரில் இராமநவமி என்றால் பானகமும் கோசம்பரியும் மட்டுமல்ல, கச்சேரியும் உண்டு. 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஸ்ரீராமசேவா மண்டலி, சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளித் திடலில் பந்தலிட்டுப் பல்லாண்டுகளாக இசைவிழா நடத்தி வந்துள்ளது. எம்.எஸ். சுப்புலட்சுமி முதலிய பெரும் இசைவாணர்கள் அவ்விழாவில் பாடியிருக்கின்றனர். நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் பந்தலுக்குள் அமர்வர். மற்றவர்கள் வெளியே நடைபாதையில் நின்றபடியே கேட்பர். ஒலிபெருக்கிக்கு உள்ளிருப்பவர், வெளியிருப்பவர் என்னும் வேறுபாடு தெரியாது.

நடைபாதையில் நின்றவர் காசு கொடுக்காமல் கேட்டார். ஆயினும், பாடியவர் ஊதியமின்றித் திரும்பவில்லை. அவருக்குரிய சன்மானத்தை விழா நடத்துவோர் தந்தனர். அதற்குச் சீட்டு விற்ற பணமும் புரவலர்களின் நன்கொடையும் உதவின. கேட்பவருக்கு இலவசம் என்பது வேறு. பாடுபவருக்கு ஊதியம் இல்லை என்பது வேறு.

பாடியவருக்குப் பொருள் தருவதைப் பழந்தமிழர் பிச்சையாகக் கருதவில்லை. அதற்குப் 'பரிசில்' என்று பெயரிட்டனர். அரசன் பரிசில் தரக் காலம் தாழ்த்தினால், அதனை நினைவூட்டிப் பாடுவதற்கென்றே 'பரிசில் கடாநிலை' என்னும் துறையை வகுத்தனர். கேட்டுப் பெறுவது இழிவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் பெறச் சென்றார். அதியமான் அவரை நேரில் காணாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். வறுமை இருந்தும், தம் புலமையை மதியாமல் தந்த பொருள் அவருக்கு வேண்டியதாயில்லை. இச்செய்தி புறநானூற்றில் உள்ளது.

அக்காலத்தில் பாடுபவரும் கேட்பவரும் நேருக்கு நேர் இருந்தனர். இசைத்தட்டு வந்தபின் அந்நிலை மாறிற்று. 1902ஆம் ஆண்டு கொல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகி, கிராமபோன் நிறுவனத்திற்காகப் பாடினார். இந்தியாவில் முதன்முதலாக இசைத்தட்டில் குரல் பதித்தவர்களுள் அவர் ஒருவர். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். பிற்காலத்தில் மைசூர் அரண்மனையின் ஆதரவைப் பெற்ற அவர், 1930இல் மைசூரிலேயே மறைந்தார். பாடியவர் இல்லாத அறையிலும் பாட்டு ஒலிக்கும் காலம் அவரோடு தொடங்கியது எனலாம். கேட்பவர் தரும் காசு பல கைகள் மாறிப் பாடியவரிடம் சேரும் காலமும் அதுவே.

இன்று தட்டும் இல்லை, நாடாவும் இல்லை. பெங்களூர் மெட்ரோவில் செல்லும் ஒருவர் கைப்பேசியைத் தொட்டால் பாட்டு ஒலிக்கிறது. இத்தகைய இணையப் பாடல் சேவைகளுக்கு மாதச் சந்தா உண்டு. சேவை நிறுவனம் அத்தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தனக்கென வைத்துக்கொண்டு, எஞ்சிய 70 விழுக்காட்டைப் பாடல்களின் உரிமையாளர்களுக்குப் பிரித்தளிப்பது பொதுவான வழக்கம். உரிமையாளர் என்பவர் பெரும்பாலும் பாடலை வெளியிட்ட இசை நிறுவனமே. பாடியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் அந்நிறுவனத்தின் வழியாகவோ, உரிமச் சங்கங்களின் வழியாகவோ பங்கு வந்து சேர வேண்டும். புதிதாகச் சேர்பவர்களைக் கவர, முதல் சில வாரங்களோ மாதங்களோ சந்தா இல்லாமல் கேட்கலாம் என்றும் நிறுவனங்கள் அறிவிக்கின்றன. இதுவே இலவச வெள்ளோட்டம்.

ஆப்பிள் நிறுவனம் 2015 ஜூன் 30 அன்று ஆப்பிள் மியூசிக் என்னும் சேவையைத் தொடங்கியது. முதல் நாளிலேயே அச்சேவை இந்தியாவுக்கும் வந்தது. அப்போது இங்கே மாதச் சந்தா 120 ரூபாயாக இருந்தது. முதல் மூன்று மாதங்கள் இலவசமாக இருந்தன. அந்த மூன்று மாதங்களுக்குப் பாடல் உரிமையாளர்களுக்குப் பணம் தரப்போவதில்லை என்பதே நிறுவனத்தின் தொடக்கத் திட்டம். கணக்கு எளியது. 120 ரூபாயில் 70 விழுக்காடு 84 ரூபாய். சந்தா சுழியம் என்றால், அதில் எத்தனை விழுக்காடு எடுத்தாலும் சுழியமே.

நிறுவனத்தின் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. வெள்ளோட்டம் நீண்டதாக இருப்பதற்கு ஈடாக, பின்னர் வழக்கத்தினும் சற்று மிகுதியாகத் தருவதாக அது கூறியது. அமெரிக்காவில் 71.5 விழுக்காடு, பிற நாடுகளில் ஏறத்தாழ 73 விழுக்காடு. பெரிய இசை நிறுவனங்களால் அதுவரை காத்திருக்க இயலும். ஒரே ஒரு பாடல் தொகுப்பை நம்பி வாழும் தனிக்கலைஞர் எவ்வாறு காத்திருப்பார்? புதிய பாடல் வெளியான முதல் சில வாரங்களில்தான் மிகுதியாகக் கேட்கப்படும். ஜூலையில் வெளியான பாட்டுக்கு அக்டோபரில் வரும் மழையால் என்ன பயன்?

பிரிட்டனின் பெக்கர்ஸ் குழுமம் போன்ற தனிநிலை இசை வெளியீட்டாளர்கள் இத்திட்டத்தை முதலிலேயே குறை கூறினர். எனினும் திட்டம் மாறவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. அம்பலம் ஏறிய சொல், உலகப் புகழ்பெற்ற பாடகி டெய்லர் ஸ்விஃப்டினுடையது. ஜூன் 21 அன்று அவர் இணையத்தில் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார். தம் '1989' என்னும் பாடல் தொகுப்பை அச்சேவைக்குத் தரப்போவதில்லை என்று அறிவித்தார். தமக்காகப் பேசவில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். முதல் பாட்டை வெளியிடும் புதியவருக்காகவும், முதல் ஊதியத்தை எதிர்நோக்கும் இளம் இசையமைப்பாளருக்காகவுமே அவர் வாதாடினார். அன்றிரவே ஆப்பிளின் உயர் அலுவலர் எடி கியூ பதிலளித்தார்: வெள்ளோட்டக் காலத்திலும் கலைஞர்களுக்குப் பணம் வழங்கப்படும்.

எவ்வளவு வழங்கப்பட்டது? ஒரு பாட்டு ஒரு முறை கேட்கப்பட்டால், பாடலை வெளியிட்டவருக்கு 0.2 செண்டு எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஆயிரம் முறை கேட்கப்பட்டால் 2 டாலர். அன்றைய நாணய மதிப்பில் இது ஏறத்தாழ 128 ரூபாய். அதாவது, ஒரு பாட்டு ஆயிரம் முறை ஒலித்தால்தான் இந்தியாவில் ஒருவர் அன்று செலுத்திய ஒரு மாதச் சந்தாவுக்கு நிகரான தொகை கிடைக்கும். தொகை சிறிதுதான். ஆனால், வாடிக்கையாளரைச் சேர்க்கும் செலவை வாடிக்கையாளரைத் தேடுபவரே ஏற்க வேண்டும் என்னும் முறைமை அங்கே நிலைநாட்டப்பட்டது. கடைக்காரர் மாதிரிக்கு மாம்பழம் அறுத்துத் தரலாம். தோட்டக்காரருக்கு அந்தப் பழத்தின் விலையைத் தந்தாக வேண்டும்.

அந்த மடல் வெளியான நாளுக்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன், 2012 ஜூன் 21 அன்று, இந்தியாவில் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாள் ஒன்றாக அமைந்தது தற்செயலே. அச்சட்டத்தின் பின்னணி நீண்டது. திரைப்படத்திற்காகத் தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுதுவித்த பாட்டுக்கும் அமைத்த இசைக்கும், வேறு ஒப்பந்தம் இல்லையெனில், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், பாடுபவரின் உரிமையையும் நாடாளுமன்றம் எண்ணிப்பார்க்க வேண்டும் என்று தனிக்குறிப்பு எழுதினார். அவர் குறிப்பு செயலாக 35 ஆண்டுகள் ஆயின. 2012ஆம் ஆண்டு மே மாதம் மாநிலங்களவையில் இம்மசோதா விவாதிக்கப்பட்டபோது, இந்தித் திரைப்படப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அவையின் உறுப்பினராக இருந்து தம் இனத்தவருக்காகப் பேசினார்.

புதிய சட்டப்படி, திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர வேறு எவ்வகையில் பாட்டுப் பயன்பட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் சமபங்கு உண்டு. தேவை காரணமாக ஒருவர் அதை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாலும் அவ்வெழுத்து செல்லாது. வணிக நோக்கில் தம் குரல் பயன்படும்போது பாடகரும் தொகை பெறலாம். ஆனால் சமபங்கு என்பதும் வருவாயின் பங்குதானே? வெள்ளோட்டத்தில் இசை நிறுவனத்திற்கே ஒன்றும் வராவிட்டால், பாடலாசிரியருக்கு வருவது சுழியத்தில் பாதி. ஆகவே சட்டம் மட்டும் போதாது. சேவை நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்திலும் வெள்ளோட்டக் காலத்திற்கான தொகை எழுதப்பட வேண்டும்.

விளம்பரங்களோடு இலவசமாகக் கேட்கும் முறை இதனின் வேறானது. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை அத்தகைய வழியையும் தருகிறது. அங்கே கேட்பவர் பணம் தராவிடினும் விளம்பரம் செய்பவர் தருகிறார். பங்கிடுவதற்குச் சிறிதளவேனும் உண்டு.

பங்கு எவ்வாறாயினும் அது சென்று சேரப் பெயர் வேண்டும். ஒவ்வொரு பாட்டோடும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் கணினியில் பதியப்படுகின்றன. பெயர் பிழையாகவோ விடுபட்டோ இருந்தால் பணம் வழி தவறும். கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே சொல்லிவைத்தார். இன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டின் நடுவே பத்து நொடிகள் நாகசுரம் வாசித்துச் செல்பவருடைய பெயர் எத்தனை செயலிகளில் காணப்படுகிறது?

அருஞ்சொற்பொருள்

பரிசில் – கலைஞருக்கும் புலவருக்கும் தரும் கொடை
புரவலர் – ஆதரிப்பவர்
சன்மானம் – மதிப்புடன் தரும் ஊதியம்
வெள்ளோட்டம் – முதல் முறையாகச் செய்து பார்த்தல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
உரிமத்தொகை – படைப்பைப் பயன்படுத்துவதற்காகப் படைத்தவருக்குத் தரும் பணம்

பயிற்சி

1. நடைபாதையில் கேட்டவருக்கும் வெள்ளோட்டத்தில் கேட்டவருக்கும் உள்ள ஒற்றுமை யாது? பாடியவரின் நிலையில் உள்ள வேற்றுமை யாது?
2. ஒரு பாட்டு 10,000 முறை கேட்கப்பட்டால், 0.2 செண்டு வீதம் எத்தனை டாலர் கிடைக்கும்?
3. பெருஞ்சித்திரனார் பரிசிலை மறுத்தது ஏன்? உம் சொற்களில் எழுதுக.
4. வீட்டில் அடிக்கடி கேட்கும் தமிழ்ப் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செயலியில் அதற்குக் குறிக்கப்பட்டுள்ள பெயர்களைப் பட்டியலிடுக. யாருடைய பெயர் விடுபட்டுள்ளது எனப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.